ஆர்க்கேடியாவில் இருக்கிறேன், கவலை வேண்டாம்

ஆர்க்கேடியா என்பது கிரேக்க நாட்டில் ஒரு மலைப்பகுதி என்றும், என் அண்ணன் அங்கே ஆடு மேய்க்கப் போய்விட்டார் என்றும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கரூரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். "எத்தனை ஆடு?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் ஒரு கணக்குச் சொன்னேன்.

என் மேல் முழுத்தப்பும் இல்லை. அண்ணன் நாச்சிமுத்து லண்டனில் ரயில்வே சிக்னல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கிடையாது, அண்ணியும் காலமாகிவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும்: 'ஆர்க்கேடியாவில் இருக்கிறேன். நிம்மதி. கவலை வேண்டாம்.' என் மகள் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, பழைய கிரேக்கத்தில் ஒரு பிரதேசம், மலை, இடையர்கள், ஆட்டுக்காலோடு குழல் ஊதுகிற ஒரு சாமி என்று வாசித்துக் காட்டினாள். சரி, மனிதருக்கு விரக்தி முற்றிவிட்டது என்று முடிவு கட்டினேன். 'கவலை வேண்டாம்' என்று எழுதுகிறவரைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும் என்பது எங்கள் குடும்பக் கொள்கை.

பிறகு வெள்ளிக்கிழமைச் செய்தி நின்றது. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாக ஓர் ஆங்கிலக் குரல் சொன்னது. அடுத்த வெள்ளியும் அப்படியே. திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவன் என்பதால் சரக்கு வாங்குகிற பார்ட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "மாமாவக் கையோட கூட்டிக்கிட்டு வாங்க. இல்லீன்னா..." என்று சொல்லி நிறுத்தினாள். அந்த 'இல்லீன்னா'வுக்கு அப்புறம் என்ன என்பதை விமானம் முழுக்க மென்றுகொண்டே வந்தேன். கொடுத்த சாப்பாடு இறங்கவில்லை.

கிரேக்க மலையில் எங்கே என்று தேடுவது, முதலில் அவர் வீட்டில் விசாரிப்போம் என்று லண்டனில் செவன் கிங்ஸ் பகுதிக்குப் போய் அண்ணன் வீட்டு மணியை அடித்தேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு வெள்ளைக்கார வாலிபன் கதவைத் திறந்தான். இந்த வீட்டை வாங்கிக் சில மாதம்தான் ஆகிறது, விற்ற பெரியவர் தங்கமானவர், ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், எங்கே போனார் என்று தெரியாது என்றான். குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. ஒரு மூட்டை முறுக்கும் இரண்டு பெட்டிகளுமாக நடைபாதையில் நின்றேன். கரூரில் ஒருவன் வீட்டை விற்கிறான் என்றால் தரகர் முதல் தயிர்க்காரம்மா வரை தெரிந்துவிடும். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாமல் ஒரு வீடு கைமாற முடியும் என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. எங்கள் சரக்கை விட மட்டமான துணி. அதை விலக்கிப் பார்த்தவர் தவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து குழாய் வேலையும் பாய்லர் வேலையும் பார்ப்பவர்.

"நாச்சி அண்ணையின்ர தம்பியோ? முகவெட்டு அப்பிடியே கிடக்கு. உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ!"

"ஏனுங்ணா, எங்க அண்ணன் எங்கீங்க?"

தவராசாவும் அவர் மனைவி மனோகரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த அம்மாள் சொன்னார்: "முதல்ல சாப்பிடுங்கோ."

முறுக்கு மூட்டையைத் தரையில் போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்ல வருகிறவர் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். தெரிந்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியாது, யாருக்கும் சோறு இறங்காது. ஆகவே, "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்காரு, முதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று உட்கார வைத்து, கை கழுவிய பிறகுதான் வாயைத் திறப்பார். என் அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, எங்கள் கணக்குப்பிள்ளைக்கு எல்லாம் எனக்கு அப்படித்தான் சேதி வந்தது. 'முதல்ல சாப்பிடுங்க' என்று யார் சொன்னாலும் எனக்குப் பாடை கட்டுகிற மூங்கில்தான் கண்ணில் தெரியும்.

புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ப்பால் விட்ட சொதி. இத்தனை ருசியான புட்டை நான் தின்றதில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. சாதாரணச் செய்திக்கு இவ்வளவு கவனிப்பா? மூன்றாவது முறை அந்த அம்மாள் சொதி ஊற்றியபோது கண்ணீர் விட்டே விட்டேன்.

"உறைப்போ?" என்றார் அவர், காரம் என்று நினைத்து.

"இல்லீங்க. சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"என்னத்தைத் தாங்கப் போறீங்கள்?" என்றார் தவராசா. "வீட்டை வித்தவர். பிரிட்ஜ், கிரைண்டர், கோட்டு சூட்டு எல்லாத்தையும் எங்களிட்டத் தந்தவர். ஆர்க்கேடியாவுக்குப் போறன் எண்டார். எங்க கிடக்கு எண்டு கேட்க, சிரிச்சார். சொந்தத் தம்பிக்கே தெரியாது எண்டதும் எங்களுக்கு ஒரு மாதிரிப் போச்சுது. வேற ஒண்டும் இல்லை."

எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். இதைக் கேட்டுத் தூங்க முடியுமா? ஆனால் தூங்கினேன். அது புட்டின் மகிமை.

மறுநாள் காலை தவராசா தன் வேனை எடுத்தார். பின்னால் குழாய்கள் கடகடவென்று உருள, அவர் போனில் வரைபடத்தைத் திறந்து 'ஆர்க்கேடியா' என்று போட்டார். லண்டனுக்கு அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. ஒரு முதியோர் இல்லம், ஓர் அடுக்குமாடி, நகத்துக்குச் சாயம் பூசும் கடை, சாப்பாட்டுக்கடை, நாய் குளிப்பாட்டும் இடம், வட்டிக்கடை மாதிரி ஏதோ ஒன்று.

"உது கிரீஸில இருக்கிற இடம் எண்டெல்லோ சொன்னீங்கள்? இஞ்ச எல்லாத் தெருவிலயும் நிக்குது!"

எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் பக்கம் கொங்கு நாடு. அதுவும் பழைய காலத்து நாட்டுப் பெயர்தான். இன்று கொங்கு மெஸ், கொங்கு சலூன், கொங்கு டயர்ஸ், கொங்கு கல்யாணத் தகவல் நிலையம், கொங்கு பிராய்லர்ஸ். ஒரு வெள்ளைக்காரன் வந்து கரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "என் அண்ணன் கொங்கில் நிம்மதியாக இருக்கிறார், எங்கே?" என்று கேட்டால் அவனை நாங்கள் என்ன செய்வோமோ, அதை லண்டன் எனக்குச் செய்தது.

மோர்டன் பக்கம் முதியோர் இல்லத்துக்குத்தான் முதலில் போனோம். வரவேற்பில் இருந்த பெண் புன்னகை மாறாமல் சொன்னாள்: "அப்படி ஒருவர் இங்கே இருக்கிறார் என்றோ, இல்லை என்றோ சொல்ல எனக்கு அனுமதி இல்லை. முதலில் ஒரு தேநீர் அருந்துகிறீர்களா?"

வெள்ளைக்காரர்களிடமும் அதே வழக்கம்! சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அது இஞ்சத்தைச் சட்டம் தம்பி. ஆர் கேட்டாலும் உப்பிடித்தான் சொல்லுவினம். தேத்தண்ணி சும்மா மரியாதைக்கு," என்று தவராசா என்னைத் தாங்கினார்.

சட்டம் வாயைக் கட்டினால் என்ன, எனக்கு வாய் இருக்கிறதே. கூடத்து நடுவில் நின்று, சின்ன வயதில் அண்ணனைச் சீண்டக் கத்துகிற மாதிரி, அச்சில் ஏற்ற முடியாத கரூர்த் தமிழில் உரக்கத் திட்டினேன். உள்ளே அவர் உயிரோடு இருந்தால் செருப்போடு ஓடிவந்திருப்பார். வந்தது சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா.

"நீ என் மகனா?" என்றார்.

"இல்லை ஐயா."

"பரவாயில்லை. உட்கார்."

உட்கார்ந்தேன். அவர் என் தேநீரைக் குடித்தார், நான் அவருடைய பிஸ்கட்டைத் தின்றேன். அண்ணனை இங்கே கண்டுபிடிக்காததில் ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பும் வழியில் சிக்னலில் வேன் நின்றது. எதிரே ஒரு கடை. கறுப்புப் பலகையில் தங்க எழுத்தில் ஆர்க்கேடியா என்று எழுதி, அதற்குக் கீழே அடக்க ஏற்பாட்டாளர்கள் என்று போட்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு சவப்பெட்டி. சிக்னல் மாறியதையும் பார்க்காமல் கதவைத் திறந்து குதித்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

உள்ளே கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் பஞ்சு மாதிரிப் பேசினார். நான் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் நிதானமாகத் தேடினார். இத்தனை நிதானம் எதற்கு?

"மன்னிக்க வேண்டும்," என்றார் கடைசியில். "அவர் இன்னும் எங்களிடம் வரவில்லை."

'இன்னும்'! அந்த மனிதருக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் குந்திக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, வாந்தியும் வந்தது. தவராசா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

"தம்பி, நீங்கள் உப்பிடியே போனா உங்களுக்குத்தான் உந்தப் பெட்டி தேவைப்படும்."

அன்று இரவு மனோகரியம்மாள் இடியப்பம் பரிமாறிக்கொண்டே போகிற போக்கில் ஒன்று சொன்னார். அண்ணனைக் கொஞ்ச நாளைக்கு முன் லூயிஷாம் சிவன் கோயில் வாசலில் தன் தங்கை பார்த்ததாக. என் அண்ணன் சாமி கும்பிடாதவர். என் கல்யாணத்துக்கு ராகுகாலம் பார்த்ததற்காக என்னை ஒரு வருஷம் கிண்டல் செய்தவர். அப்படிப்பட்டவர் கோயில் வாசலில் நின்றார் என்றால் டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

மூன்றாம் நாள் லூயிஷாம். கோயிலில் மதிய அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. சாம்பார் வாளியோடு நின்ற பெண் தேனிப் பக்கம். இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர், விடுப்பு நாளில் வந்து பரிமாறுகிறவர். செல்போனில் அண்ணன் படத்தைக் காட்டினேன்.

"ஆமா சார், நல்லாத் தெரியும். இங்க உடைக்கிற தேங்காயோட கொட்டாங்குச்சிய மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போவாங்க. ரெண்டு வாரமா ஆளைக் காணோம்."

"உது சிரட்டையெல்லோ," என்றார் தவராசா. "சிரட்டை என்னத்துக்கு?"

"நானும் கேட்டேன். 'எரிக்கறதுக்கு'ன்னாங்க." டாக்டர் என் தட்டைப் பார்த்தார். "சார், நீங்க முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்."

ஒரு டாக்டரே சொல்லிவிட்டார். எங்கள் ஊர் மயானத்தில் பிணம் எரிக்க வறட்டியோடு கொட்டாங்குச்சியும் அடுக்குவார்கள். மனிதர் எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறவர்; ரயில் வருவதற்கு முன்பே சிக்னல் போட்டுப் பழகிய கை. தன் காரியத்துக்குத் தானே விறகு சேர்க்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. சாம்பாரில் முருங்கைக்காய் மிதந்தது. இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். துக்கத்திலும் என் வயிறு தனிக்குடித்தனம் நடத்துகிறது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அவர் வீட்டுக்குப் போகும் அதே ரயிலில்தான் அண்ணனும் மூட்டையோடு ஏறுவாராம். லைம்ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கிவிடுவாராம். அந்த நேரம் பார்த்துத் தவராசாவுக்குப் போன் வந்தது.

"ஒரு வீட்டில பாய்லர் நிண்டுபோச்சாம், வீடெல்லாம் குளிராம், கைக்குழந்தையும் இருக்காம். நான் போகாமல் இருக்க ஏலாது. நீங்கள் ரயிலைப் பிடியுங்கோ, நான் முடிச்சிட்டு வாறன். தம்பி, ஒருத்தரையும் ஏசாதையுங்கோ!"

குட்டி ரயில். முன்னால் இடம் காலியாக இருந்ததால் ஓடிப்போய் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கண்ணாடிக்கு முன்னால் தண்டவாளம் என்னை நோக்கி ஓடி வந்தது. திரும்பிப் பார்த்தேன், டிரைவர் இல்லை. டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது நான்தான். "வண்டியில் ஆள் இல்லை!" என்று கத்தினேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண், "ஒருபோதும் இருந்ததில்லை," என்று சொல்லிவிட்டுச் சிப்ஸ் தின்றாள். வளைவு வந்தபோது நான் பிரேக் பிடிக்கிற மாதிரி காலை ஊன்றிக்கொண்டேன். லைம்ஹவுஸ் வரை அந்த ரயிலை ஓட்டிவந்த பெருமை என் வலது காலுக்கே உண்டு.

ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு பெரிய நீர்த்தேக்கம், அதிலிருந்து பிரியும் கால்வாய். ஓரமாக நீள நீளமான படகுகள். ஒவ்வொன்றிலும் புகைபோக்கி, பூந்தொட்டி, சைக்கிள். மனிதர்கள் உள்ளேயே குடியிருக்கிறார்கள். ஒரு படகின் பக்கவாட்டில் மஞ்சள் எழுத்தில் ஆர்க்கேடியா என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு இல்லை, இல்லம் இல்லை, கடை இல்லை. படகு!

தட்டினேன். கையில் ஸ்பானரோடு ஒரு நடுவயதுப் பெண் தலையை நீட்டினாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இந்தக் கால்வாயில் எனக்குத் தெரிந்தே மூன்று ஆர்க்கேடியா இருக்கிறது. நீ தேடுவது பச்சைப் படகு. தேங்காய் வாசனை வீசும். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்பது விதி. என்ஜின் வேறு ஓடவில்லை. அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டோம்."

"அவரும் இழுத்தாரா?"

"அவர் உள்ளே உட்கார்ந்து, எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்."

என் அண்ணனேதான். சந்தேகமில்லை. சாமி இல்லை என்கிறவரைத் தேரில் வைத்து வெள்ளைக்காரர்கள் வடம் பிடித்திருக்கிறார்கள்.

கரையோரப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் துரத்தினார்கள். ஒரு பாலத்தைத் தாண்டியதும் மூக்கில் அடித்தது அந்தப் புகை. காங்கேயம் பக்கம் கரி சுடுகிற இடங்களில் வருகிற அதே வாசனை. பச்சைப் படகு. வட்டச் சன்னலுக்குள் ஒரு வழுக்கைத் தலை குனிந்து, அடுப்பில் கொட்டாங்குச்சியைப் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா!" என்று கத்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல் தாவினேன். படகு விலகியது. ஒரு கால் படகில், ஒரு கால் தொடை வரை கால்வாயில்.

"யார்றா அது, தங்கராசா?" கதவைத் திறந்து பார்த்த அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "என்றா இது! ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் மறு காலையும் தண்ணீரில் விட்டிருப்பேன்.

உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, அண்ணி படம், இரும்பு அடுப்பு. என் பேன்ட்டை அடுப்புக்கு மேல் காயப் போட்டுவிட்டு, அண்ணனின் லுங்கியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கொட்டினேன். சவப்பெட்டிக் கடை வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

"வீட்ட வித்தத ஏண்ணா சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"ஆள் அனுப்பித் தூக்கிட்டு வந்திருப்பேன்."

"அதான் சொல்லல." கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினார். "உங்கண்ணி போனப்புறம் அவ்வளவு பெரிய வீட்டுல ஒரு ரூம்தான்டா பொழங்கினேன். மத்ததெல்லாம் பூட்டியே கெடந்துச்சு. அதான், அந்த ஒரு ரூம மட்டும் வாங்கிக்கிட்டேன். இது நகருது, அது நகரல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"பேரு?"

"முன்னாடி வச்சிருந்தவன் வச்சது. படகுக்குப் பேரு மாத்தினா ஆகாதாம்."

"ராகுகாலம் பாக்காத ஆளு இதைப் பாக்கறீங்களா?"

"ராகுகாலத்துல எனக்கு நீச்சல் தேவைப்படாது. இதுல முழுகினா தேவைப்படும். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

என் போனில் மனைவியைக் கூப்பிட்டேன். "மாமா நல்லா இருக்காரு, பதறாதே," என்றேன். மறுமுனையில் ஓவென்று அழுகை. "எங்கிட்ட எதுக்கு மறைக்கறீங்க? எப்பப் போனாரு, அதச் சொல்லுங்க!" அண்ணனே போனை வாங்கி, உயிரோடு இருப்பதாகத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதையும் நம்பாமல் வீடியோவில் வரச் சொன்னாள். வழுக்கையைப் பார்த்த பிறகுதான் அழுகை நின்றது.

ஊருக்கு வரும்படி கூப்பிட்டுப் பார்த்தேன். "வந்தா படகை நம்மூரு அமராவதி ஆத்துல எங்கடா கட்டறது? தண்ணியே இல்லையே," என்றார். மூன்று ராத்திரி அந்தப் படகில் படுத்திருந்துவிட்டு நான் தனியாகத்தான் கரூர் திரும்பினேன்.

நடந்தது இதுதான்: படகு என்ஜினில் பெல்ட் அறுந்துவிட்டது, மாற்றுப் பெல்ட் வந்து சேரவில்லை, என்ஜின் ஓடாமல் பேட்டரியில் கரண்ட் ஏறவில்லை. கூரை மேல் சூரிய ஒளித் தகடு ஒன்று இருக்கிறது; ஆனால் அந்த இரண்டு வாரமும் லண்டனில் வெயில் அடிக்கவில்லை. அதனால் அண்ணனின் போனில் சார்ஜ் இல்லை.